ஸ்டெங்கா: பாதிக் கிண்ணத்தின் சரித்திரம்

மலாய் மொழியில் 'செத்தெங்ஙா' என்பது பாதி எனப் பொருள்படும் எளியதொரு சொல். சந்தையில் மீன் வாங்குவோரும், மணி கேட்டவர்க்கு விடை சொல்வோரும், நிலத்தைப் பங்கிடுவோரும் நாள்தோறும் வழங்குவது. அச்சொல்லை ஆங்கிலத் துரைமார் தம் நாவுக்கு இசைய 'ஸ்டெங்கா' என்று சுருக்கி, ஒரு மதுக்கிண்ணத்துக்குப் பெயராக்கிக்கொண்டனர். விஸ்கியும் சோடாவும் பனிக்கட்டியும் சேர்ந்த அக்கிண்ணம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் ரப்பர்த் தோட்ட பங்களாக்களிலும், ஈயச் சுரங்கத்தார் கூடிய விடுதிகளிலும், ஈப்போ முதலிய பட்டணங்களின் கிளப்புகளிலும் பொழுது சாய்ந்ததும் முதன்முதற் கேட்கப்பட்ட பொருளாக இருந்தது. நம் பாட்டன்மாரிற் பலர் அப்பெயரைக் கேட்டிருப்பர். சிலர் அக்கிண்ணங்களைக் கழுவியும் இருப்பர்.

மதுவின் சரித்திரத்துக்கு இவ்விதழில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடியின் தீமையை விளக்க நாம் இங்குப் புகவில்லை; அது பலகாலும் பலராலும் விளக்கப்பட்டதே. ஆனால் தோட்டத்தில் நடந்த குடியைப்பற்றி எழுதப்பட்டவற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு விநோதம் புலப்படும். தொழிலாளியின் கள் விசாரணை அறிக்கைகளிலும் சட்டங்களிலும் இடம்பெற்றது. துரையின் விஸ்கி கதைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் இடம்பெற்றது. ஒன்று குற்றமாகவும் மற்றொன்று பழக்கமாகவும் பதிவாயின. இரண்டையும் ஒரே தராசில் ஏற்றிப் பார்த்தால் என்ன என்பதே நமது விருப்பம்.

முதலில் எழும் கேள்வி, எதில் பாதி என்பது. விஸ்கி பாதி, சோடா பாதி என்பர் சிலர். முழு அளவு விஸ்கிக்குப் பதில் அரை அளவை ஊற்றி, உயரமான கிண்ணத்தின் மீதியைச் சோடாவால் நிரப்புவதே ஸ்டெங்கா என்பர் வேறு சிலர். இந்தியாவில் பெரிய பெக், சோட்டா பெக் என்று இரண்டு அளவுகள் வழங்கியதை நினைத்தால் இரண்டாம் பொருளும் பொருத்தமாகவே தோன்றுகிறது. வார்த்தையளவில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலாய் மொழியில் 'சத்து' என்றால் ஒன்று. 'சத்து ஸ்டெங்கா' என்று ஒரு துரை கேட்பாரானால், இலக்கணம் அறிந்த மலாய்க்காரர் காதில் அது 'ஒன்றரை' என்றே விழும். பலருடைய கிண்ணத்தில் விழுந்ததும் அந்தக் கணக்குத்தான் போலும்!

நிற்க, இந்தக் கிண்ணத்தில் கலந்த பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

ஸ்காட்லாந்து தேசத்து விஸ்கி ஆதியில் உலகப் பானமாக இருக்கவில்லை. முளைகட்டிய வாற்கோதுமையைச் செப்புப் பானைகளில் வடித்தெடுத்த கனத்த சாராயம் அது; மலைநாட்டாரன்றிப் பிறர் அதை அதிகம் நாடவில்லை. 1830-ம் ஆண்டில் ஐனியாஸ் காஃபி என்பார், தொடர்ந்து வடித்துக்கொண்டேயிருக்கும் ஒரு தூண்வடிவ யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இவர் அயர்லாந்தில் சாராய வரி வசூலித்த அதிகாரி என்பது கவனிக்கத்தக்கது. சாராயம் வடிப்பவனை வாழ்நாளெல்லாம் துரத்தியவரே அவனுக்குச் சிறந்த யந்திரத்தைச் செய்து கொடுத்தார்! அந்த யந்திரத்தால் மக்காச்சோளம் முதலிய தானியங்களிலிருந்து மென்மையான சாராயம் மலிவாகக் கிடைத்தது. 1860-ம் ஆண்டின் சட்டம் அதனையும் பழைய முறைச் சாராயத்தையும் வரி செலுத்துமுன் பண்டகசாலையிலேயே கலக்க இடம் கொடுத்தது. கலப்பு விஸ்கி பெருகியது அதன் பின்னரே.

எனினும் இங்கிலாந்தின் செல்வர்கள் அக்காலத்தில் விரும்பியது பிராந்தியும் சோடாவும். அவர்கள் மனத்தை மாற்றியது விளம்பரமன்று. ஒரு சிறு பூச்சி. 1860-களில் பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களில் நுழைந்த பைலாக்ஸெரா என்னும் அப்பூச்சி, கொடிகளின் வேரை உறிஞ்சி அடுத்த இருபதாண்டுகளில் அவற்றிற் பெரும்பகுதியைப் பாழாக்கிற்று. பிராந்தி அருகிற்று, விலை ஏறிற்று. சோடாக் கிண்ணத்தில் ஏற்பட்ட வெற்றிடத்தில் விஸ்கி வந்து அமர்ந்தது. மலாயாவில் தோட்டத் துரைமார் பெருகிய காலம் அதற்குச் சற்றுப் பிந்தியதாகையால், அவர்கள் பெட்டியில் வந்தது விஸ்கியாயிற்று.

சோடாவின் கதையும் சுவையுடையதே. ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் விஞ்ஞானி, 1767-ல் லீட்ஸ் நகரில் ஒரு பீர் வடிசாலையின் தொட்டிக்கு மேலே தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்து, அதில் நுரைக்கும் காற்றை ஏற்றிப் பார்த்தார். ஜெனிவாவில் ஷ்வெப் என்பார் 1783-ல் அதனைத் தொழிலாக்கினார். நம்மவர் அறிந்த கோலி சோடாப் புட்டி, ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற கருவி. சிங்கப்பூரில் 1883-ல் ஜான் பிரேசர், டேவிட் நீவ் என்ற இருவர் தொடங்கிய சோடாக் கம்பெனியே பிரேசர் அண்டு நீவ். அதன் பானங்களை இன்றும் நம் கல்யாண வீடுகளிற் காணலாம். உஷ்ண தேசத்தில் ஆற்றுநீரையும் கிணற்றுநீரையும் நம்பி வாந்திபேதிக்கு இரையாக அஞ்சிய வெள்ளையர்க்கு, மூடிய புட்டியில் வந்த சோடா ஒரு காப்பாகவும் இருந்தது. விஸ்கியை மருந்தென்று சொல்லிக்கொள்ள இந்தச் சோடா பெரிதும் உதவிற்று.

பனிக்கட்டிக்கோ இன்னும் நெடும் பயணம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பிரடெரிக் டூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-ல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அவ்வியாபாரத்துக்காகக் கட்டப்பட்டதே. 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிங்கப்பூரில் வாம்போவா என்று புகழ்பெற்ற ஹூ ஆ கே 1854-ல் பனிக்கட்டி வாணிகத்தில் இறங்கினார். பின்னர் யந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்தமையால் இவ்வாணிகம் மறைந்தது. ஆக, ஸ்டெங்காக் கிண்ணத்துக்குள் ஸ்காட்லாந்தின் தானியமும், ஜெனிவாவின் தொழிலும், அமெரிக்க ஏரி கற்பித்த குளிரும், மலாய்க்காரரின் சொல்லும் கூடின.

இதனைக் காக்டெயில் என்று அழைக்கலாமா? கறாராகப் பார்த்தால் கூடாது. 1806-ல் நியூயார்க் மாகாணத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகையொன்று காக்டெயிலுக்கு இலக்கணம் வகுத்தது: ஏதேனும் ஒரு சாராயம், சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் எனப்படும் கசப்புச்சாறு ஆகிய நான்கும் வேண்டும். அவ்விலக்கணத்தை இன்றளவும் காத்துவருவது, 'ஓல்ட் பேஷண்டு', அதாவது பழைய முறை எனப் பெயர்கொண்ட கிண்ணம். ஒரு சர்க்கரைக் கட்டியின்மேல் இரண்டு மூன்று துளி கசப்புச்சாறு விட்டு, ஒரு கரண்டி நீரில் நசுக்கிக் கரைத்து, 60 மில்லிலிட்டர் அமெரிக்க விஸ்கி ஊற்றி, பெரிய பனிக்கட்டியொன்றை இட்டு, ஆரஞ்சுத் தோலை அதன்மேல் முறுக்கிப் பிழிவது முறை. அதைப் படைத்த பெருமையைக் கெண்டக்கி மாகாணத்து லூயிவில் நகரின் பெண்டென்னிஸ் கிளப் தனதென்று சொல்லிக்கொண்டது. ஆனால் அந்தக் கிளப் தோன்றியது 1881-ல். 'பழைய முறைக் காக்டெயில்' என்ற பேச்சோ அதற்கு முந்திய ஆண்டிலேயே சிகாகோப் பத்திரிகையில் அச்சேறிவிட்டது. கிளப்புகள் எந்நாட்டிலும் பிறர் பிள்ளைக்குத் தம் பெயர் வைப்பனவே. விஸ்கியோடு அதிற் பாதியளவு இனிப்பு வெர்முத் சேர்த்துக் கசப்புச்சாறு இரண்டு துளி விட்டால் அது 'மன்ஹாட்டன்' ஆகும்.

மலாயாத் துரைமார் கசப்புச்சாற்றை விடவில்லை, ஜின்னில் கலந்தனர். ஆகவே 'ஜின் பஹித்' என்ற மற்றொரு கிண்ணம் பிறந்தது. 'பஹித்' என்பதும் மலாய்ச் சொல், கசப்பு எனப் பொருள். அங்கோஸ்துரா என்னும் புகழ்பெற்ற கசப்புச்சாறு, பொலிவாரின் சேனையில் வைத்தியராயிருந்த ஸீகர்ட் என்னும் ஜெர்மானியர் 1824-ல் வெனிசூலாவிற் செய்தது. அவர் குடும்பத்தார் 1875-ல் அத்தொழிலைத் திரினிடாத் தீவுக்கு மாற்றினர். அதே தீவுக்குத்தான் 1845 முதல் இந்தியக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். சென்னையிற் கப்பலேறிய தமிழரும் அவர்களிடையே உண்டு. ஈப்போவில் ஒரு துரை தம் கிண்ணத்தில் உதறிய இரண்டு துளிக்கும் நம்மினத்தார் உழைத்த மண்ணுக்கும் இப்படியொரு தொலைதூர உறவு. சிங்கப்பூர் ராபிள்ஸ் ஹோட்டலில் 1915-ம் ஆண்டையொட்டி ஞியாம் தோங் பூன் என்னும் ஹைனான் சீனர் ஆக்கிய 'சிங்கப்பூர் ஸ்லிங்' உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது விருந்தாளிகளின் பானம். நாட்டில் வேலை பார்த்தவர்களின் பானம் ஸ்டெங்காவே.

இனிப் பேரா மாநிலத்துக்கு வருவோம். ரப்பர்க் கன்றுகள் 1877-ல் கோலகங்சாருக்கு வந்தன. ரெசிடெண்டு ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் வளர்த்தார். 1910-ல் ரப்பர் விலை வானளாவியது. கம்பெனிகள் காட்டை அழித்தன. கங்காணிகள் நம்மவரைக் கொணர்ந்தனர். இளவயதுத் துரைமார் கப்பலில் வந்து இறங்கினர். மணவாழ்வின்றித் தனிமையில், பேச்சுத்துணையற்ற பங்களாவில் மாலையைக் கழித்த அவ்விளைஞர்க்கு வாரம் ஒருமுறை பட்டணத்துக் கிளப்பே உலகம். ஈப்போவில் 1906-ல் ஹைனான் சீனர் தொடங்கிய எப்.எம்.எஸ். உணவு விடுதி, துரைமாரும் சுரங்கத்தாரும் கூடிய இடம். வெள்ளையர்க்கென அமைந்த கிளப்புகளிற் பெரும்பாலானவற்றில் ஆசியருக்கு நாற்காலி இல்லை. தட்டேந்தி நிற்கவே இடமிருந்தது.

1921-லும் 1925-லும் மலாயாவில் உலவிய சாமர்செட் மாம் என்னும் ஆங்கில ஆசிரியர், சவுக்கு மரத்தின் பெயர் தாங்கி 1926-ல் வெளிவந்த கதைத்தொகுதி முதலியவற்றில் இவ்வாழ்வை வரைந்தார். ஆங்கிலவழிக் கல்வி பெற்ற நமக்கு அக்கதைகள் பள்ளிப்பருவத்திலேயே பழக்கமாயின. பக்கத்துக்குப் பக்கம் ஸ்டெங்காவும் ஜின் பஹித்தும் வருகின்றன. குடித்தவர்கள் காதலிக்கிறார்கள், துரோகம் செய்கிறார்கள், சுட்டுக்கொள்ளவும் செய்கிறார்கள். பால்மரம் வெட்டிய தமிழரோ பின்னணியில் மரங்களோடு மரங்களாக நிற்கின்றனர். கதைகள் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் அந்தப் பங்களாவிலிருந்து அரைமைல் தூரத்தில், அதே மாலை வேளையில், லயத்துக்கருகே மற்றொரு குடி நடந்துகொண்டிருந்ததை அவை நமக்குச் சொல்லவில்லை.

அதுதான் தோட்டத்துக் கள்ளுக்கடை. சர்க்காரின் அனுமதியோடு நிர்வாகமே நடத்திய கடை அது. அதன் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகவேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது, கூலியாக வலக்கையில் வாங்கியதை இடக்கையால் கள்ளுக்குக் கொடுத்து, அதில் ஒரு பகுதியைத் திருவிழாவாகவும் விளையாட்டாகவும் திரும்பப் பெறுவது! 1920-களின் இறுதியில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு அளவில் நின்றது என்பதை நினைத்துக்கொண்டால் இவ்வேற்பாட்டின் நயம் நன்கு விளங்கும். கள்ளில் உடலுக்கு வேண்டிய சத்துண்டு என்று வாதித்த அதிகாரிகளும் வைத்தியர்களும் இருந்தனர். பங்களாவில் விஸ்கி மருந்தானது போலவே லயத்தில் கள் உணவானது.

இப்போது தராசை எடுப்போம். இக்காலத்து விஸ்கியில் நூற்றுக்கு 40 பங்கு சாராயச் சத்து. அரை அளவு ஸ்டெங்காவில் 30 மில்லிலிட்டர் விஸ்கி என்று கொண்டால் சாராயச் சத்து 12 மில்லிலிட்டர். கிண்ணத்தைச் சோடாவால் 240 மில்லிலிட்டர் ஆக்கினால் அதன் கடுமை நூற்றுக்கு 5. தென்னங்கள்ளின் கடுமையும் பெரும்பாலும் நூற்றுக்கு 4 முதல் 6 வரையே. ஒரு பைண்டு கள், அதாவது 568 மில்லிலிட்டர், ஏறக்குறைய 28 மில்லிலிட்டர் சாராயச் சத்தைக் கொண்டது. இரண்டரை ஸ்டெங்காவுக்கும் சற்றுக் குறைவு. விஸ்கி பாதி சோடா பாதி என்ற முதற்பொருளை எடுத்து 60-க்கு 60 கலந்தால், அக்கிண்ணம் ஒன்றே 24 மில்லிலிட்டர் ஆகிவிடும். அதன் கடுமை கள்ளைப்போல் நான்கு மடங்கு. எனவே நாக்கறியும் பொருளைக்கொண்டு இவ்விரு குடியையும் வேறுபடுத்த இயலாது.

வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. கள் நில்லாத பொருள். மரத்திலிருந்து இறக்கும்போதே புளிக்கத் தொடங்கி, காலையில் இனித்து, மாலையில் காரமேறி, மறுநாள் காடியாகிவிடும். அன்றைய கள்ளை அன்றே குடித்துத் தீர்க்கவேண்டும். வீட்டில் வைத்து நாள்தோறும் சிறிது குடிக்க வழியில்லை. ஆகவே வேலைவிட்ட தொழிலாளர் ஒரே நேரத்தில் ஒரே கூரையின்கீழ், எல்லாருடைய கண்ணுக்கும் எதிரே குடித்தனர், விழுந்தவனை ஊரே பார்த்தது, கிராணி பார்த்தார், மறுநாட் காலைப் பெரட்டுக்களத்தில் வாராதவன் பெயர் ஏட்டில் ஏறிற்று. விஸ்கியோ பூட்டிய அலமாரியில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும். துரை விழுந்தால் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியவன் ஒரு வேலைக்காரன் மட்டுமே. அவன் ஏடெழுதவில்லை.

இவ்விடத்தில் கிராணிமாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போவது முறையன்று, நாமும் அவ்வினத்தவரே. 'ஸ்டெங்கா' என்ற சொல் அக்காலத்தில் கலப்பு மணத்திற் பிறந்தவர்களை இழித்துரைக்கவும் பயன்பட்டது. கிராணியை யாரும் அப்படி அழைத்ததில்லை. எனினும் தோட்டத்தின் உண்மையான பாதிக் கிண்ணம் அவரே. துரைக்கு முன் நின்றபடி ஆங்கிலம் பேசுவார். தொழிலாளிக்கு முன் அமர்ந்தபடி தமிழ் பேசுவார். கள்ளுக்கடைப் பக்கம் போவது அவர் அந்தஸ்துக்கு ஒவ்வாது; கிளப்பிலோ இடம் கிடையாது. தம் குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு பிராந்தியோ விஸ்கியோ குடித்தார். கள் குடிப்பவனைக் குடிகாரன் என்றும் தம்மை நாகரிகர் என்றும் எண்ணிக்கொள்ள அந்தச் சாத்திய கதவு போதுமாயிருந்தது.

தொழிலாளி இதையெல்லாம் காணாமலில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு ஒன்று. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது ஒன்று. ஐரோப்பியரையோ ஆசிய அலுவலரையோ வழியிற் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது மற்றொன்று. இம்மூன்றும் ஒரே தாளில் நின்றன. ஆசிய அலுவலர் என்றால் நாமேதான். வேலைநிறுத்தத்தை நடத்திய ஆர்.எச். நாதன் நாடுகடத்தப்பட்டார், பட்டாளம் சுட்டதில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். யுத்தம் முடிந்து 1947-ல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தபோதும் போலீசாரின் தாக்குதலால் உயிர்கள் போயின. சேலம் தாதம்பட்டியில் 1921-ல் தம் சொந்தத் தென்னை மரங்கள் 500-ஐ வெட்டிச் சாய்த்த ஈ.வெ. இராமசாமி 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஈப்போத் தமிழரிடையே பேசியிருந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. குடியை நிறுத்தச் சொன்னால் குடிப்பவன் எதிர்ப்பான் என்பதே உலகம் எதிர்பார்ப்பது. இங்கோ குடித்த வகுப்பாரே கடையை மூடு என்றனர், விற்றவரே தடுத்தனர். கள்ளை நம்மவரின் பிறவிக்குணம் போற் பேசுவோர் இந்த இரண்டு ஆண்டுகளையும் விட்டுவிட்டே பேசுகின்றனர்.

பின்னர் நடந்தவை விரைவிற் சொல்லிவிடத் தக்கவை. 1948 ஜூன் மாதம் 16-ந் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது, மணல்மூட்டைகளுக்குப் பின்னால் ஸ்டெங்கா சில ஆண்டுகள் தொடர்ந்தது. சுதந்திரத்தையொட்டித் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, துரைமார் கப்பலேறினர். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. லயத்தைவிட்டு ஈப்போவின் புறநகர்களுக்குப் பெயர்ந்த நம்மவரைத் தொடர்ந்து வந்தது கள்ளன்று. சம்சு என்னும் மலிவுச் சாராயம். அதன் கடுமைக்கு முன் கள் மோருக்குச் சமானம். 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த போலி மதுவால் இந்நாட்டில் பலர் மாண்டனர். அவர்களில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி. இன்றைய லயங்களில் குடியிருப்போரும் அவர்களே.

ஸ்டெங்கா செய்யும் முறையை அறிய விரும்புவோர்க்கு அதையும் சொல்லிவிடுகிறோம்: உயரமான கிண்ணத்தில் முக்காற்பங்கு பனிக்கட்டி, அதன்மேல் விஸ்கி, பிறகு நன்கு குளிர்ந்த சோடாவைக் கிண்ணத்தின் ஓரமாக மெல்ல வார்த்து, நுரை அடங்காதபடி ஒரேமுறை கலக்குவது. இந்தச் செய்முறை பல நூல்களில் உள்ளது, அழியாது. அழிந்துகொண்டிருப்பது வேறு. செம்பனைக் கணக்கெழுதும் நம் அலுவலகத்தின் பண்டகசாலையில், கறையான் தின்றது போக, கள்ளுக்கடைக்கணக்கு என்று மேலட்டையில் எழுதிய பழைய ஏடு ஒன்றைக் கண்டோம். எந்நாளில் எத்தனை பைண்டு, எவர் பெயரில் எவ்வளவு கடன் என்பது நம்மைப்போன்ற ஒரு கிராணியின் அழகிய கையெழுத்தில் வரிவரியாக இருக்கிறது. தோட்டம் கைமாறும்போதெல்லாம் இத்தகைய ஏடுகள் குப்பையோடு எரிக்கப்படுகின்றன. பேராவிலும் பிற மாநிலங்களிலும் உள்ள வாசகர் எவரிடமேனும், அல்லது அவர்தம் தந்தையார் பாட்டனார் பெட்டியிலேனும், அத்தகைய ஏடு கிடைக்குமானால், அதை எரிக்காமல் இவ்விதழின் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுமாறு வேண்டிக்கொள்கிறோம்.